நீலகிரி, பழனி மலை ட்ரெக்கிங்: அரசுத் திட்டமா, தனியார் குழுவா, நாமே போவதா?

டிசம்பர் விடுமுறை நெருங்க நெருங்க ஒரே மாதிரிக் கேள்விதான் வருகிறது. நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம், மூன்று நாள் கையில் இருக்கிறது, நீலகிரியில் ஊட்டிப் பக்கமோ, பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் பக்கமோ காட்டுக்குள் நடக்க வேண்டும்; வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் பதிவு செய்வதா, தனியார் ட்ரெக்கிங் குழுவோடு போவதா, இல்லை நாமே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதா?

கேட்பவர்களில் பெரும்பாலோர் கட்டணத்தையும் சிகரத்தின் உயரத்தையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். ரெண்டுமே கடைசியில் பார்க்க வேண்டியவை. பாதி வழியில் மஞ்சு என்னும் மூடுபனி இறங்கி நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் போனால், "போதும், திரும்பலாம்" என்று யார் சொல்வார்? அப்படிச் சொன்னால் அவருக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? என் கணக்கில் இதற்கான பதில்தான் மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

அனுமதி. இந்த இரண்டு மலைகளிலும் பார்க்க ஆசைப்படும் சோலைகளும் (மலைப்பள்ளங்களில் அடர்ந்திருக்கும் காடுகள்) புல்வெளிகளும் பெரும்பாலும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காப்புக்காட்டுக்குள்ளோ, முக்குறுத்தி தேசியப் பூங்கா, முதுமலை புலிகள் காப்பகம், 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் போன்றவற்றுக்குள்ளோ இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பூங்காவுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அபராதத்தைக்கூட விடுங்கள். திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் வழி தவறினால் உதவிக்குப் போன் போடவே தயங்குவார்கள். "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்று அவர்கள் கடத்தும் அந்த ஒரு மணி நேரத்தில் இருட்டிவிடும்.

திரும்பும் முடிவு. மேலே சொன்னதுதான். முடிவெடுப்பவருக்கு அந்த மலை தெரிந்திருக்க வேண்டும். திரும்பினால் அவர் கைக்காசு போகக் கூடாது.

வெளியேறும் வழி. கால் பிசகிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு வண்டிப் பாதைக்கு வர எத்தனை நேரம் ஆகும்? அங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? மன்னவனூரில் ஒருவருக்கு அடிபட்டால் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கே சுமார் 35 கிலோமீட்டர் வளைவுச் சாலை. பெரிய சிகிச்சை என்றால் மலையிறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டதால் நீலகிரி இதில் கொஞ்சம் மேல்.

பருவம். இதற்குக் கீழே தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

செலவு. கட்டணம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தெரியாத செலவுகளை அந்தந்த வழியோடு சேர்த்துச் சொல்கிறேன்.

## வழி ஒன்று: வனத்துறையின் மலையேற்றத் திட்டம்

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் இது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் முன்பதிவு. நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்திலேயே கெய்ர்ன் ஹில், கோத்தகிரியில் லாங்வுட் சோலை போன்ற எளிய நடைகளும் உண்டு; அவலாஞ்சியிலிருந்து கொலாரிபெட்டா, பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்குறுத்திப் பக்கம் என்று மூச்சு வாங்க வைக்கும் பாதைகளும் உண்டு. கொலாரிபெட்டா 2,600 மீட்டருக்கு மேல். தொட்டபெட்டாவை விட (2,637 மீட்டர்) ஒரு சில மீட்டர்தான் குறைவு.

இதன் முதல் பலம் அனுமதி. ரேஞ்சர் யார், யாரைப் பார்க்க வேண்டும், "சார் லீவுல இருக்கார்" என்ற அலைச்சல் எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய பலம் கூட வரும் வழிகாட்டி. இவர்கள் அந்தந்தக் காட்டை ஒட்டிய ஊர்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்தவர்கள். காட்டு மாடு எந்தப் பள்ளத்தில் நிற்கும், எந்த ஓடை மதியத்துக்குள் பெருகும் என்பது இவர்களுக்கு வரைபடம் பார்த்துத் தெரிந்த விஷயம் இல்லை. நீங்கள் சிகரத்தைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இவர்களுக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. அதனால் "வானம் சரியில்லை, திரும்பலாம்" என்று சொல்ல யோசிக்க மாட்டார்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேருவது உங்கள் பொறுப்பு. அவலாஞ்சியோ பார்சன்ஸ் வேலியோ, காலை நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டுமானால் முந்தின இரவு ஊட்டியில் தங்கி, விடியற்காலையில் டாக்ஸி பிடிக்க வேண்டியிருக்கும். சீசனில் அந்த அறை வாடகையும் டாக்ஸியும் சேர்ந்து ட்ரெக்கிங் கட்டணத்தைத் தாண்டிவிடும். சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போனால் ஊட்டி, கொடைக்கானல் வரும் வண்டிகளுக்கு 2024 மே முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் நுழைவுச் சீட்டு) வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அந்தக் கவலை இல்லை. மழை எச்சரிக்கை வந்தால் நடை ரத்தாகும். பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் சென்னையிலிருந்து வந்த ரயில் டிக்கெட்டையும் அறை முன்பணத்தையும் யாரும் திருப்பித் தர மாட்டார்கள். பதிவு செய்யும் முன் ரத்து விதிகளை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

இன்னொன்று, இவை பகல் நடைகள். கூடாரம் அடித்து நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

எப்போது இதுவே சரி: முதல் தடவை போகிறவர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள், பூங்காவுக்கோ சரணாலயத்துக்கோ உள்ளே போயே தீர வேண்டும் என்பவர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் குழுவில் இருந்தால் கொலாரிபெட்டாவைத் தள்ளிவைத்துவிட்டு லாங்வுட் சோலைக்குப் போங்கள். சின்னச் சோலைதான், ஆனாலும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்ந்தது. பறவை பார்க்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் அரை நாள் போவதே தெரியாது.

## வழி இரண்டு: தனியார் குழு

சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு அழைத்துப்போகும் குழுக்கள். இவர்களில் மிக நல்லவர்கள் உண்டு: முதலுதவி படித்த தலைவர், குழுவின் கடைசியில் நடக்கும் இன்னொருவர், உங்கள் உடல்நிலை பற்றி முன்கூட்டியே கேட்கும் படிவம். வாட்ஸ்அப் குழு ஒன்றும் அழகான சிகரப் படம் ஒன்றும் மட்டுமே முதலீடாக வைத்திருப்பவர்களும் உண்டு. கட்டணத்தைப் பார்த்து இந்த இரண்டு பேரையும் பிரித்தறிய முடியாது.

இந்த வழியின் உண்மையான சிக்கல் பணம் முன்கூட்டியே வசூலாகிவிடுவது. முப்பது பேரிடம் வாங்கியாகிவிட்டது, பேருந்துக்கும் கொடுத்தாகிவிட்டது. மழை பிடித்தால் திரும்பச் சொல்லும் தலைவர் முப்பது பேரின் முகச்சுளிப்பையும் பணம் கேட்டு வரும் போன்களையும் சந்திக்க வேண்டும். "கொஞ்ச தூரம்தான், போயிடலாம்" என்று அவர் சொல்ல எல்லாக் காரணமும் இருக்கிறது. வெள்ளி இரவு பேருந்தில் ஏறி, தூங்காமல் கொள்ளாமல் சனி காலையில் நேரே மலையேறத் தொடங்குவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கால் தடுமாறுவதற்குத் தூக்கமின்மையை விடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

2018 மார்ச் 11 அன்று, பழனி மலைக்குத் தெற்கே போடிக்கு மேலுள்ள குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குழுவாகப் போனவர்கள்தான். காய்ந்த புல் நிறைந்த சரிவு, காற்று, கீழிருந்து மேலே ஏறும் நெருப்பு. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும். மனிதன் மேல்நோக்கித்தான் மெதுவாக ஓடுவான். அந்த விபத்துக்குப் பிறகுதான் ட்ரெக்கிங்குக்கென்று தனி விதிகள் வந்தன. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுப் பாதைகளை மூடிவைப்பது இதனால்தான். அந்த மாதங்களில் யாராவது "எங்களுக்கு ஸ்பெஷல் பர்மிஷன் இருக்கு" என்று அழைத்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்:

- வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்ட முடியுமா? அதில் தேதியும் பாதையின் பெயரும் ஆட்களின் எண்ணிக்கையும் இருக்கிறதா? "எல்லாம் பேசியாச்சு" என்பது அனுமதி ஆகாது.
- எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? கடைசியில் நடப்பவர் யார்?
- எத்தனை மணிக்குள் உச்சிக்குப் போகாவிட்டால் திரும்புவீர்கள்? இதற்குச் சட்டென்று ஒரு நேரம் வந்தால் நல்ல குழு. "அதெல்லாம் போயிடலாம் ப்ரோ" என்று வந்தால் அதுவே பதில்.
- ரத்தானால் பணம் எவ்வளவு திரும்பும்? பெருந்தன்மையாகத் திருப்பித் தருபவர், மலையில் திரும்பவும் தயங்க மாட்டார்.

எப்போது இதுவே சரி: தனியாக வருபவர்கள், கூட நடக்க ஆள் இல்லாதவர்கள், போக்குவரத்துத் தலைவலி வேண்டாம் என்பவர்கள். பெண்கள் மட்டுமே போகும் குழுக்கள் சிலருக்கு நல்ல வாசல். இருபது பேருக்கு மேல் போகும் குழு எதுவானாலும் நான் தவிர்ப்பேன். சத்தம் தாங்காது என்பது ஒன்று. வரிசை நீண்டால் முன்னால் போகிறவருக்குப் பின்னால் விழுந்தவரைத் தெரியாது என்பது இன்னொன்று.

## வழி மூன்று: நாமே போவது

இதைச் சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கும்: அனுமதி தேவைப்படாத நல்ல நடைகள் இந்த மலைகளில் நிறைய இருக்கின்றன. காட்டுக்குள் நுழையாமல், ஊர்ப் பாதைகளிலும் கிராமச் சாலைகளிலும் நடப்பது. கொடைக்கானலிலிருந்து பேருந்தில் பூம்பாறை போய் இறங்கினால், படிப்படியாக வெட்டிய பூண்டு வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், அப்புறம் மன்னவனூர்ப் பக்கம் போகும் சாலை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த மண் அது. நீலகிரியில் கோத்தகிரியைச் சுற்றியுள்ள படுகர் ஊர்களை இணைக்கும் பாதைகள். எஸ்டேட் வழிகள் வேறு கதை. அவை தனியார் நிலம். வாசலில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கேட்டால் பல இடங்களில் விடுவார்கள்.

பணச் செலவு மிகக் குறைவு. திரும்பும் முடிவு முழுக்க உங்கள் கையில். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் மலை தெரிந்த ஆள் கூட இல்லை என்பதுதான் இதன் மறைமுக விலை. போனில் உள்ள வரைபடம் ஒரு கோட்டைக் காட்டும். அது எப்போதோ இருந்த எஸ்டேட் பாதையாக இருக்கும், இப்போது உண்ணிச்செடி மூடிக் கிடக்கும். வட்டக்கானலில் டால்பின் நோஸ் வரை கூட்டத்தோடு போன பலர், அப்படியே கீழே வெள்ளகவி வரை இறங்கிவிடலாம் என்று கிளம்புகிறார்கள். சாலை வருவதற்கு முன் பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறிய பழைய வழி அந்தப் பக்கம்தான். இறங்குவது சுலபம். மதியத்துக்கு மேல், முட்டி நடுங்க, தண்ணீர் தீர்ந்த பிறகு அதே சரிவில் திரும்ப ஏற வேண்டும் என்பது இறங்கும்போது யார் நினைவிலும் இருப்பதில்லை. வழி நெடுகக் காடு என்பதால், டால்பின் நோஸைத் தாண்டுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே முறை.

உள்ளூர்க்காரர் ஒருவரை நாமே கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். ஊர்ப் பாதைகளுக்கு மிக நல்ல யோசனை. அவர் கேட்பதைப் பேரம் பேசாமல் கொடுங்கள். காப்புக்காட்டுக்கு இது செல்லாது. ஊர்க்காரர் கூட வந்தால் அனுமதி வேண்டாம் என்பது தங்கும் விடுதிகளில் பரவும் கதை. பிடிபட்டால் நீங்கள் அபராதம் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள். அவர் அதே ஊரில் அதே வனக் காவலரைத் தினமும் பார்க்க வேண்டும்.

எப்போது இதுவே சரி: ஏற்கெனவே மலையில் நடந்து பழகிய மூன்று நான்கு பேர், சிகரம் முக்கியமில்லை என்பவர்கள். தனி ஆளாக வேண்டாம். கணுக்கால் சுளுக்கினால் ஒருவர் கூட இருக்க, இன்னொருவர் உதவி கேட்டுப் போக, குறைந்தது மூன்று பேர் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | அரசுத் திட்டம் | தனியார் குழு | நாமே |
|---|---|---|---|
| காட்டு அனுமதி | பதிவிலேயே அடங்கும் | கடிதம் பார்த்தே நம்ப வேண்டும் | இல்லை. ஊர்ப் பாதை மட்டும் |
| திரும்பச் சொல்பவர் | உள்ளூர் வழிகாட்டி, தயங்க மாட்டார் | தலைவர், தயங்கக் காரணம் உண்டு | நீங்களே. மலை தெரிந்தால் நல்லது |
| மறைமுகச் செலவு | அறை, டாக்ஸி, ரத்தானால் பயணச் செலவு | தூக்கமின்மை, பெருங்கூட்டம் | வழி தவறும் வாய்ப்பு |
| இரவுத் தங்கல் | கிடையாது | காட்டுக்குள் தங்கலாம் என்றால் சந்தேகப்படுங்கள் | ஊரில் அறை எடுத்து |

## நீலகிரியா, பழனி மலையா: மாதம் பார்த்து முடிவு செய்யுங்கள்

இரண்டு மலைக்கும் மழை ஒரே நேரத்தில் வருவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குப் பக்கத்தை, அதாவது அவலாஞ்சி, அப்பர் பவானி, கூடலூர்ப் பகுதிகளை அடித்து நொறுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சென்னையில் பல மாதம் பெய்யும் மழை அது. அந்தக் காலத்தில் பழனி மலையில் மழை குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது பழனி மலைக்கும், நீலகிரியின் கிழக்குப் பக்கமான குன்னூர், கோத்தகிரிக்கும்தான் அடி. 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இந்த மழையில்தான்.

ஆகவே ஆகஸ்டில் நடந்தே ஆக வேண்டும் என்றால் மன்னவனூர்ப் பக்கம். டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் எதுவானாலும் சரி. உறைபனி விழுந்த காலையில் பார்க்க அவலாஞ்சிப் பக்கம் ஒரு படி மேல். ஏப்ரல் கடைசி, மே மாதங்களில் பாதை திறந்திருக்கும், ஆனால் சாலையில் வண்டி நெரிசல். மதியத்தில் இடி மின்னல் வேறு. மே மாதப் புல்வெளி உச்சியில் மதியம் இரண்டு மணிக்கு நிற்காதீர்கள். அங்கே உங்களை விட உயரமாக எதுவும் இருக்காது.

## எந்த வழியானாலும் தயாராக வேண்டியவை

முதலில் நேரக் கணக்கு. மணிக்கு 4 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம், வருகிற மொத்தத்தோடு பாதியைக் கூட்டுங்கள். 12 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றும் ஒன்றும் நாலு, பாதி சேர்த்து ஆறு மணி நேரம். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மூன்றுக்கு முடியும். பதினொன்றுக்குத் தொடங்கினால் ஐந்து. டிசம்பரில் சோலைக்குள் ஐந்தரைக்கே இருட்டு. கரடியும் காட்டு மாடும் நடமாடத் தொடங்கும் நேரமும் அதுதான். காட்டு மாடு பாதையில் நின்றால் நாம்தான் நிற்க வேண்டும். விரட்டாதீர்கள், செல்பி எடுக்காதீர்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் உலராது, 2,000 மீட்டர் உயரத்தில் நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும். இந்த மலைகளில் உயரத்தால் வரும் தலைசுற்றலை விட இந்தக் குளிருக்குத்தான் பயப்பட வேண்டும். நடுங்கியவர் நடுங்குவதை நிறுத்திவிட்டு உளறத் தொடங்கினால் ஆபத்து. உடனே ஈரத்துணியை மாற்றிப் போர்த்தி, கீழே இறக்க ஏற்பாடு செய்யுங்கள். சீக்கிரம் உலரும் பேன்ட், ஒரு ஸ்வெட்டர், ரெயின்கோட், மாற்றுச் சட்டை ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள். தலையில் மாட்டும் டார்ச், விசில், ஓஆர்எஸ், பவர் பேங்க். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். இரண்டு ஊரிலும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது.

மழைக்காலச் சோலையில் அட்டை கடிக்கும். உப்புத்தூளோ புகையிலைத்தூளோ சாக்ஸில் தேய்த்துக்கொள்வது ஊர் வழக்கம். கடித்தாலும் பெரிய கெடுதல் இல்லை, பிய்த்து இழுக்காதீர்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையோ காலோ அசையாதபடி குச்சி வைத்து, இறுக்காமல் கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். சிக்னல் கிடைத்த இடத்தில் 108. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் போன் செய்வோம், செய்யாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஊரில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சும்மா வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

திரும்பி வந்த ஒன்றிரண்டு வாரத்தில் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வந்தால் டெங்கு என்று மட்டும் நினைக்க வேண்டாம். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் நம் மலைகளில் உண்டு. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது என்பதால் கவனிக்காமல் விட்டுவிடுவோம். டாக்டரிடம் "மலைக்குப் போய் வந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக் மாத்திரையிலேயே அடங்கிவிடும்.